சீனத்தில் தூக்கிய எரு

நாராயணவனத்து ரெட்டியாரின் எருக்குழியில் காலை வெயில் சுள்ளென்று விழுகிறது. கிளறிய எருவிலிருந்து ஆவி எழுகிறது. ரங்கையா முழங்கால்வரை புதைந்து நின்று கூடையை நிரப்பிக்கொண்டிருக்கிறார். அவர் மகன் முனிகிருஷ்ணன் சலவை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி குழிமேட்டில் நிற்கிறான். சீனத்துப் பண்பாட்டைத் தெரிந்துகொண்டு வரச் சொல்லி ஆந்திர ராஜ்யம் அனுப்பிய ஆறு வாத்தியார்களில் அவனும் ஒருவன், நேற்றுத்தான் திரும்பினான். நைனாவின் கையெல்லாம் எரு என்பதால் போட்டோவை அவனே அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். அதில் அவன் தோளில் மூங்கில் கழி, இரண்டு முனையிலும் எருக்கூடை, முகமெல்லாம் சிரிப்பு.

"அங்க வாத்தியாருங்களும் குடியானவங்களும் ஒண்ணா எரு தூக்குறாங்க நைனா. நானும் தூக்குனேன்."

கூட வேலை செய்யும் வெங்கடலட்சுமி எட்டிப் பார்க்கிறாள். "சாருக்கு அந்த ஊர் எரு நாறலையா? ஜவ்வாது கலந்து வச்சிக்கினு இருப்பாங்களோ?"

ரங்கையா சிரிக்கவில்லை. "இதத் தூக்கக் கூடாதுன்னுதானே உன்னப் படிக்க வச்சேன்? யாருக்கும் காட்டாதடா."

முனிகிருஷ்ணனுக்குக் காது சுடுகிறது. இந்தக் குழியில் அவன் ஒருநாளும் இறங்கியதில்லை. கூடை நிரம்பிவிட்டது; அதைத் தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். ரங்கையா சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்கிறார். மகனின் கால் ஓரடி முன்னால் போகிறது, கை நீளவில்லை. அவர் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"லட்சுமி, ஒரு கை புடிம்மா," என்கிறார்.