தந்தி வேண்டாம்

சவூதியில், யான்பு கேம்ப் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். ஜன்னலோரம் நான், வாசலில் டிரைவர் வீரபாண்டி, நேற்று சாரத்திலிருந்து விழுந்து செத்த தன் தம்பியின் கட்டிலில் இமயமலைக்காரர் நேகி. தம்பியின் தொப்பி அவர் மடியில் இருக்கிறது. ஊரிலேயே மடிப்பில் செருகிவந்த காட்டுப்பூ ஏசி காற்றில் பொடிந்து உதிர்கிறது. "தந்தி அடிச்சிருவோம், நேகி பாய். அம்மாவுக்குத் தெரியணும்ல" என்கிறார் வீரபாண்டி. நேகி மறுக்கிறார். "ஊர்ல இப்ப பூத்திருவிழா. அம்மா ஆடிக்கிட்டிருப்பா. கடுதாசியே போகட்டும். பஸ் பாதி வழிதான். அப்புறம் தபால்காரர் பள்ளத்தாக்குல நடந்துதான் வரணும். ஒவ்வொரு ஊர்லயும் உட்கார வச்சுச் சாராயம் ஊத்துவாங்க. மெதுவா வரட்டும். அதுவரைக்கும் தம்பி அங்க உசுரோட இருப்பான்." நேகி சொல்லச் சொல்ல இந்தியில் எழுதி முடித்த கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, தபாலில் போட வீரபாண்டியிடம் நீட்டுகிறேன். எப்போதும் பறக்கிற அவர் வண்டி இன்று கேட் வரை ஊர்ந்து போகிறது.