ஆறு செங்கல்

ஆறு செங்கல்லும் மறுபடியும் தரையில் இருந்தன.

"மாமா, இன்னிக்கும் எடுத்துட்டீங்களா?"

லவினா தோள்பையைக்கூட இறக்கவில்லை. பெங்களூரிலிருந்து சாயங்கால ரயிலில் அப்போதுதான் வந்திருந்தாள்.

லவினா என் மருமகள். சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீட்டுக்கு ஒன்றரை அறை. எங்கள் கட்டிலின் காலடியில் இரும்பு ராக் போட்டு, முளையாகவே அறுத்து விற்கும் குட்டிக் கீரை வளர்க்கிறாள். கடுகு, முள்ளங்கி.

தட்டில் தேங்காய் நார்த்தூள் பரப்பி விதை தூவ வேண்டும். மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் செங்கல் வைக்க வேண்டும். மூன்று நாள் இருட்டு, பாரம். பாரம் இல்லையென்றால் வேர் பிடிக்காது, முளை சாய்ந்துவிடும்.

ஓட்டல் ஒன்றிலிருந்து முதல் ஆர்டர் வந்திருந்தது. இந்த ஆறு தட்டும் ஒழுங்காக வந்தால் வாராவாரம் எடுப்பார்கள். அவள் பெங்களூர் வேலையையும் விடியற்கால ரயிலையும் விட்டுவிடலாம்.

"ரெண்டு தட்டு லேசா சாஞ்சிடுச்சு. இன்னொரு தபா எடுத்தீங்கன்னா ஆர்டரே போச்சு. அது விதை மாமா! உள்ள இன்னா, ஆளா மாட்டிக்கினு இருக்கான்?"

என் வீட்டுக்காரர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தாம்மா. ஏதோ புத்தி கெட்டுப்போச்சு. இனிமே கை வெக்கமாட்டேன்."

அவள் செங்கற்களைத் தூக்கி வைத்துவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.

அவர் சுரங்கத்தில் ரெஸ்கியூ டீமுக்குப் பெரியவராக இருந்தவர். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பாறை சரிந்தபோது உள்ளே நான்கு பேர். இரண்டாம் நாள் சாயங்காலம் இவர்தான் பாறையில் காது வைத்துப் பார்த்து, சத்தம் இல்லை என்று சொன்னார். அத்தோடு தோண்டுவதை நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து அதையே என்னிடமும் சொன்னார். சரி என்றேன். சோறு போட்டேன். அப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நான்கு பேரில் ஒருவன் கிளாரன்ஸ். என் தம்பி.

விதை போட்ட அன்று லவினா என்னிடம் சொல்லியிருந்தாள்: "மூணு நாள் மூடி வெச்சாலும் உள்ள உயிரோடதான் இருக்கும் அத்தை."

தினமும் அவள் ரயிலுக்குப் போனதும் செங்கல்லை இறக்கி வைத்தது நான். அவருக்குத் தெரியும். எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்தப் பொண்ணு பொழைப்பு அது. இனிமே எடுக்காத."

"அன்னிக்கு சத்தம் கேட்டுச்சா, இல்லியா?" என்றேன்.

"எனக்குக் கேக்கல."

தம்ளரை எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை.

"எங்கூட காது வெச்ச நோயலுக்குக் கேட்டுச்சு."