ஞாயிற்றுக்கிழமைக் கடல்

"யாகப்பு அண்ணை கடலுக்குப் போயிட்டாராம்! பூசைக்கும் வரேல்லை!"

நாரந்தனைத் தேவாலய வாசலில் நின்று சூசைதாசன் கத்தினான். ஞாயிறன்று அந்தக் கரையில் எவரும் வள்ளம் இறக்குவதில்லை.

"மகனைப் பறிகுடுத்த மனிசனுக்கு இண்டைக்கும் மீன் கேக்குதோ? அந்தப் பிள்ளைக்காகத்தானே நாங்கள் ஊர்வலம் போறம்!"

யாகப்புவின் மகனை வெட்டிக் கொன்ற றஜீபனுக்கு வெள்ளிக்கிழமை மரணதண்டனைத் தீர்ப்பு வந்திருந்தது. அன்றிலிருந்து ஊர் கொதித்தது.

"தூக்கில போடு!" சனம் முழங்கியது.

"ஒருத்தன் தொங்கினால் மற்றவன் கத்தி எடுக்கமாட்டான்!" என்றான் சூசைதாசன்.

"தூக்கை நிப்பாட்டின எத்தினையோ நாடுகளில கொலை கூடேல்லை, அண்ணை," என்றாள் ஆசிரியை அன்ரனிட்டா.

"ரீச்சர், அந்த நாடுகளுக்கே போய்ப் படிப்பியுங்கோ!"

சிரிப்பு எழுந்தது. அவள் விடவில்லை.

"இஞ்சையும் தீர்ப்பு மட்டும்தான். எழுபத்தாறாம் ஆண்டுக்குப் பிறகு ஒருத்தரையும் தூக்கில போடேல்லை. சிறையில வைச்சிருப்பினம், அவ்வளவுதான்."

சிரிப்பு நின்றது.

"என்ன, தூக்கில போடமாட்டினமோ?"

"அப்ப றஜீபன்ர தம்பி வீட்டிலதானே இருக்கிறான்!" என்றது ஒரு குரல்.

கூட்டம் ஓடியது. வழியில் அகப்பட்ட கத்தி, துடுப்பு, பொல்லு எல்லாம் கைகளில் ஏறின.

"அந்தப் பெடியன் என்ன செய்தவன்? கொலையை நிப்பாட்டக் கொலையோ?" அன்ரனிட்டா பின்னால் ஓடி ஓடிக் கத்தினாள். யார் காதிலும் விழவில்லை.

றஜீபனின் வீடு திறந்து கிடந்தது. அடுப்பில் உலை இன்னும் சூடு. உள்ளே ஒருவரும் இல்லை.

"கரைக்கு ஓடுங்கோ!"

கரையில், முழங்கால் அளவு தண்ணீரில், யாகப்புவின் மனைவி மரியநாயகி தனியே நின்றாள். கையில் கைபேசி.

"அக்கா, றஜீபன்ர தம்பியைக் கண்டனீங்களோ? உங்கட மகனுக்காக அவனை விடமாட்டம்!" என்றான் சூசைதாசன்.

அவள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கைபேசி அடித்தது.

"ஓம்... ஓம். கவனமாத் திரும்பி வாங்கோ."

முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவர் மீனுக்குப் போகேல்லை, சூசை. ஊர் கொதிக்கிறதைப் பாத்திட்டு, அந்தப் பெடியனையும் தாயையும் ஏத்திக்கொண்டு போனவர். அக்கரையில, காரைநகரில இறக்கிப்போட்டாராம்."

சூசைதாசனின் கத்தி தாழ்ந்தது.

"தூக்கில போட்டால் கொலை குறையுமோ எண்டு எனக்குத் தெரியாது, சூசை. இண்டைக்கு ஒண்டு குறைஞ்சிருக்கு."