அறுநூறு வாட்ஸ்

"பக்கத்து வீட்டுக்குப் போற வயரை வெட்டிடுங்க. அம்மாகிட்ட கேக்க வேணாம். கேட்டா விடமாட்டாங்க."

பெர்த்திலிருந்து போனில் யோகநாதன் சொன்னபோது, கிள்ளானில் சோலார் கடை வைத்திருந்த கார்த்திகேசுவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"எங்கப்பா பாவம் பாத்துக் கொடுத்த கரண்டு அது. இப்ப அதுல அயர்ன் பாக்ஸ் மாட்டுறாங்களாம். தினமும் சாயங்காலம் ட்ரிப் ஆகி அம்மா வீடு இருட்டாயிடுது. தடுக்கி விழுந்தா யார் பாக்கறது?"

"நாளைக்கே போறேன் மிஸ்டர் யோகா."

கிள்ளானை அடுத்த காப்பாரில் மின்கம்பங்கள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன. செம்பனைத் தோட்டத்துக்குள்ளே வேன் குலுங்கிக் குலுங்கிப் போனால், கடைசியில் இரண்டே வீடுகள். ஒன்று யோகநாதனின் அம்மா குணபூசணி டீச்சருடையது. கணவர் வல்லிபுரம் போன வருஷம் தவறிவிட்டார். இன்னொன்றில் மாரியாயியும் அவள் புருஷன் சின்னையாவும். அவனுக்கு போர்ட் கிள்ளான் கிடங்கில் வேலை.

கார்த்திகேசு கூரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான். பேனல் எட்டும் நல்லபடியாகவே இருந்தன. பேட்டரியும் நிரம்பியிருந்தது.

"ஒரு ஆளுக்கு எதுக்கு ஆன்டி எட்டு பேனல்?"

"போடும்போது நாங்க ஆறு பேர், தம்பி. அவர் ஆறு பேருக்குத்தான் கணக்குப் பண்ணினார். பிள்ளைகள் ஒவ்வொண்ணாப் போச்சு. பிறகு அவரும் போயிட்டார். வெயில் மட்டும் குறையல."

அவன் இன்வெர்ட்டர் பெட்டியைத் திறந்தான்.

"மத்தியானமே பேட்டரி ஃபுல்லாயிடுது. மிச்சத்தை அவங்களுக்குக் கொடுக்கறது தப்பில்ல. ஆனா இந்த இன்வெர்ட்டர் அறுநூறு வாட்ஸ்தான் தாங்கும். லைட், ஃபேன், டிவி ஓடும். அயர்ன் பாக்ஸ் ஆயிரம் வாட்ஸ். மாட்டின உடனே நின்னுடும்."

"தெரியும். நான்தான் தினமும் போய் அதைக் கழட்டச் சொல்லிட்டு வந்து, இந்தப் பட்டனை அமுக்கறேன்."

"பெரிய இன்வெர்ட்டர் ஒண்ணு போட்டுடலாமா? ட்ரிப்பே ஆகாது."

"வேணாம். அவர் வாங்கினது. இதே இருக்கட்டும்."

பிடிவாதக்கார அம்மா என்று நினைத்துக்கொண்டான்.

"உங்க மகன் ரொம்பக் கவலைப்படுறார் ஆன்டி."

"டவுனுக்குப் போய் போன் பண்ணினா, என்ன விசேஷம்னு கேக்கறான். சொல்ல வேற என்ன இருக்கு? அதான் இதைச் சொன்னேன்."

கட்டிங் பிளேயரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். வெட்டுவதற்கு முன்னால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது.

மாரியாயி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இலவசமாக் கரண்டு கிடைச்சா என்ன வேணாலும் மாட்டுவீங்களா? அயர்ன் போடாதீங்கன்னு அந்த ஆன்டி எத்தனை தடவை சொல்லிட்டாங்க. கேக்க மாட்டீங்களா?"

அவள் எட்டி டீச்சர் வீட்டைப் பார்த்தாள்.

"மெஷின் கெட்டுப்போயிடுமா தம்பி? அந்தப் பயம் ஒண்ணுதான் எனக்கு."

"கெடாது. அதுவா நிறுத்திக்கும். நான் கேட்டது அது இல்ல."

"ஐயா செத்தப்புறம் டீச்சரம்மா கதவே திறக்கல தம்பி. சோறு கொண்டு போனா கேட்லயே வாங்கிக்கிட்டு உள்ள போயிடுவாங்க. கூப்பிட்டா, 'நல்லாருக்கேன்'னு உள்ளேருந்து குரல் வரும். பேச்சே அவ்வளவுதான். ஒரு நாள் தெரியாம அயர்ன் மாட்டிட்டேன். கரண்டு போச்சு. கோபமா வந்தாங்க."

"வராம?"

"அன்னிக்குத்தான் எங்க வீட்டுப் படி ஏறினாங்க. நல்லா ஏசினாங்க. வாட்ஸ்னா என்னன்னு பாடம் எடுத்தாங்க. டீ கொடுத்தேன், குடிச்சாங்க. அப்புறம் ஐயாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டுக்காரரு வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் பேசினாங்க. எங்களோடயே சாப்பிட்டாங்க."

கீரையைச் சுளகில் ஒதுக்கினாள்.

"மறுநாள் வாங்கன்னு கூப்பிட்டேன், வரல. அதுக்கு மறுநாள் மறுபடியும் மாட்டினேன். வந்துட்டாங்க."

கார்த்திகேசு, "சரிக்கா, நான் வரேன்" என்று மட்டும் சொன்னான். வயரைத் தொடவில்லை.

டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார்.

"வெட்டிட்டீங்களா?"

"எதை ஆன்டி?"

"என் மகனை எனக்குத் தெரியாதா?"

"வெட்டல ஆன்டி. அவங்ககிட்ட சொல்லிட்டேன். இனிமே அயர்ன் மாட்டமாட்டாங்க."

மாரியாயியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னான். டீச்சரின் முகம் வாடிவிட்டது.

"அப்படியா சொல்லிச்சு, அந்தப் பிள்ளை?"

அவருடைய கை கதவைப் பிடித்துக்கொண்டது. கார்த்திகேசு அவசரமாக, "நான் சொன்னேன். ஆனா அவங்க கேக்கற மாதிரி தெரியல ஆன்டி" என்றான்.

டீச்சர் மெல்ல மூச்சுவிட்டார்.

"உங்க மகன் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"ரிப்பேர் பண்ணியாச்சுன்னு சொல்லுங்க. அவனுக்கு அது போதும்."

வேனை நோக்கி நடந்தவனைப் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பிள்ளையை இனிமே ஒண்ணும் சொல்லாதீங்க. சின்னையா இன்னிக்கும் கசங்கின சட்டையோடதான் வேலைக்குப் போனான். அந்த அயர்ன் எதுக்குன்னு எனக்குத் தெரியும்."