ஹெட்லியின் புது கியர்

ஹெட்லி ரம்போல்ட் தன் பனிவண்டிக்கு வெளிக் கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் வரவழைக்கிறான் என்ற செய்தி, பார்சல் வந்து இறங்கும் முன்பே கனடாவின் எங்கள் லாப்ரடார் கரை முழுக்கப் பரவிவிட்டது.

புது கிளட்ச், புது கியர், தடித்த பெல்ட். தபால் ஆபீஸில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்கள் கனத்தை வைத்தே எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். ஈஸ்டர் சனிக்கிழமை, உறைந்த வளைகுடாவின் மேல் நடக்கும் பந்தயத்தில் ஐந்து வருடமாக ஹெட்லிதான் முதல். ஆறாவது முறையும் ஜெயித்தால் கோப்பை நிரந்தரமாக அவனுக்கே. நாற்பது வருடத்தில் யாருக்கும் அது வாய்த்ததில்லை.

"அஞ்சு போதலையாம். ஆறாவதுக்கு மெஷினையே மாத்துறான்" என்று பொருமினாள் ரொக்ஸான் கர்ல். மூன்று வருடமாக இரண்டாவதாக வருபவள். அவள் வண்டியில் எல்லாமே கம்பெனி போட்டுக் கொடுத்தபடிதான்.

வண்டி பழுதுபார்க்கும் சிரில் பை நேரிலேயே போய்ச் சொல்லிப் பார்த்தான். கம்பெனிக்காரன் எல்லாம் அளந்து பார்த்துத்தான் பொருத்தியிருக்கிறான், வெளி ஸ்பேர் வாங்கும் பாதிப் பேருக்கு அது வெறும் ஆசை, பொருந்தாததை மாட்டினால் இருக்கும் ஓட்டமும் கெட்டுப்போகும் என்று.

"எதுக்கு வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கினா தப்பில்ல, சிரில்."

"எதுக்குன்னுதான் ஊருக்கே தெரியுமேப்பா."

ஹெட்லி சிரித்துவிட்டு ஷெட் கதவைச் சாத்திக்கொண்டான். எல்லாவற்றையும் தானே மாட்டினான். சிரிலைக்கூட உள்ளே விடவில்லை. அதில் சிரிலுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பந்தய நாள். பிற்பகல் வெயிலில் ஊரே பனிக்கட்டியின் மேல் நின்றது. கையில் டீ, வெல்லப்பாகு ஊற்றிய பொரித்த ரொட்டி. பதினோரு வண்டிகள். கொடி இறங்கியதும் ஹெட்லியின் வண்டி எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தது.

பாய்ந்தது அவ்வளவுதான். ஐம்பது அடிக்குப் பிறகு எஞ்சின்தான் கத்தியது, வண்டி போகவில்லை. ஒவ்வொருவராக அவனைத் தாண்டினார்கள். அறுபத்திரண்டு வயதுப் பாதிரியார்கூட, ஒரு கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டுத் தாண்டிப் போனார். ஹெட்லி கடைசி.

ரொக்ஸான் முதல். ஹெல்மெட்டைக் கழற்றியவள் அழுதாள், சிரித்தாள், எதிரே வந்தவர்களை எல்லாம் கட்டிக்கொண்டாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தது ஹெட்லிதான்.

"அப்பவே சொன்னேன்ல? காசு கொடுத்து வேகத்தைக் குறைச்சுக்கிட்டே" என்றான் சிரில்.

"ஆமாம்ப்பா. நல்லாவே குறைஞ்சிருக்கு" என்றான் ஹெட்லி, அவ்வளவு திருப்தியாக.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறான் என்று நினைத்தோம். அன்று விருந்தில் அவனுடைய பேராசையைப் பற்றிப் பேசாத மேசை இல்லை. பரிதாபப்பட்டவர்கள் யாரும் இல்லை.

திங்கட்கிழமை, வழக்கம்போல ஊரே மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குளத்துக்குப் போனது. பனியில் துளை போட்டு மீன் பிடிப்போம், அங்கேயே பொரித்துச் சாப்பிடுவோம். ஆனால் மலை செங்குத்து. வண்டிக்குப் பின்னால் சறுக்குப் பெட்டி கட்டி இரண்டு பேரை ஏற்றினாலே பாதி வழியில் பெல்ட் கருகிவிடும். அதனால் முதியோர் இல்லத்தில் இருப்பவர்களுக்கு ஜன்னலோடு சரி. அங்கிருந்து கையசைப்பார்கள். நாங்களும் அசைத்துவிட்டுப் போவோம்.

ரொக்ஸான் முதல் மீனைச் சட்டியில் போட்டபோது மலைப் பக்கம் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத, அடித்தொண்டைச் சத்தம். சிரில் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

முகட்டில் முதலில் ஹெட்லி தெரிந்தான். அவனுக்குப் பின்னால் நீளமான மரப்பெட்டி. அதற்குள் கம்பளி போர்த்திய ஆறு உருவங்கள், ஆறு பின்னல் தொப்பிகள். ஆளுக்கொரு தாளத்தில் தேவாலயப் பாட்டு வேறு. முன்வரிசையில் எண்பத்தெட்டு வயது எஃபி அத்தை. ஊருக்கே அத்தை. குளத்தைப் பார்த்து ஒன்பது வருடமாகிறது.

வண்டி வந்து நின்றது. சிரில் குனிந்து பெல்ட் மூடியைத் தொட்டுப் பார்த்தான். லேசான சூடுதான். கருகல் வாடையே இல்லை.

"பாரம் இழுக்கிறதுக்கா இந்த கியரைப் போட்டே? வேகம் போனது அதனாலதானா?"

ஹெட்லி தலையசைத்தான். சனிக்கிழமை காலையில்தான் ஒரு பாரம் விறகை ஏற்றி மலை ஏறிப் பார்த்தானாம். மத்தியானப் பந்தயத்துக்குள் பழைய கியரைத் திரும்ப மாட்ட நேரமில்லையாம்.

"கோப்பை போச்சேடா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ரொக்ஸான்.

"சொல்லிட்டு, பாதி மலையில நின்னுட்டா? அப்புறம் இவங்க முகத்தை யாரு பார்க்கிறது?"

சட்டியில் மீன் தீய்ந்துகொண்டிருந்தது. எஃபி அத்தைதான் தூண்டிலால் பெட்டியைத் தட்டினாள்.

"என்னடா மரம் மாதிரி நிக்கிறீங்க? எங்களைச் சீக்கிரம் இறக்கிவிடுங்க. அங்கே இல்லத்துல இன்னும் ஒன்பது பேர் தொப்பியை மாட்டிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்திருக்காங்க."