கடைசிப் பத்து விநாடி

மகள் மனசுக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள மணிக்கு முந்நூறு கேட்டாள் கிட்டார் வாத்தியாரம்மா. அப்பாவான ஆணிக்கடைக்காரர் அதை இருநூற்றைம்பதுக்குப் படிய வைத்தார்.

வாத்தியாரம்மா என்பதெல்லாம் மரியாதைக்கு. வயது இருபத்தாறு. தையற்கடைக்கு மேலே ஒற்றை அறை, மூன்று கிட்டார், ஒரு மின்விசிறி. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கற்றுக்கொண்டால் இன்னும் எவ்வளவு குறையும் என்றும் அவர் கேட்டுப் பார்த்தார். குறையவில்லை.

ஐம்பத்தெட்டு வயதில், ஆணியும் போல்ட்டும் அள்ளி அள்ளிக் காய்த்துப்போன விரல்களோடு அவர் கற்க வந்தது ஒரே ஒரு சரக்கு: மாடி அறைக் கணினியில் மகள் வாசித்துப் பதிந்து விட்டுப்போன இருபது விநாடி கிட்டார் சோலோ.

அவள் வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருடம். இவர் நம்பரைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை. இதை முழுசாக வாசிக்க வந்த அன்றைக்கு அவள் வாசலுக்கே போய் நின்று வாசித்துவிடுவதென்று முடிவு கட்டியிருந்தார். வெறும் வாயோடு போனால் கதவு திறக்காது.

முதல் பத்து விநாடி ஏழு மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு அறுபது தட்டில் வைத்து, வாரத்துக்கு நாலு தட்டாகக் கூட்டினாள் வாத்தியாரம்மா. வேகம் வேண்டுமென்றால் மெதுவாக வாசிக்க வேண்டுமாம். கடையைச் சாத்திவைத்தால் வியாபாரம் பெருகும் என்பதுபோல் இருந்தது அவருக்கு. ஆனாலும் பெருகியது.

கடைசிப் பத்து விநாடிதான் எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. அதுவரை தராசு முள்போல் பிசகாமல் வந்த மகள், அங்கே திடீரென்று ஓட ஆரம்பிக்கிறாள். போகப் போக இன்னும் ஓட்டம். மெட்ரோனோம் பின்னாலேயே நின்று கத்துகிறது.

"இவ்ளோ சுத்தமா வாசிக்கிற பொண்ணு எதுக்கு சார் இப்படி ஓடுது? வித்தை காட்டவா?"

"என் பொண்ணு சில்லறை எண்ணும்போதுகூட அவசரப்பட மாட்டாம்மா. காரணம் இருக்கும்."

அந்தக் காரணம் தெரியாமல் மகள் முன்னால் வாசிக்க அவருக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு வாத்தியாரம்மா பதிவைக் கால் வேகத்துக்கு இறக்கி, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். "அடியில கேளுங்க சார். பொண்ணு காலால தாளம் போடுது. அந்தச் சத்தம் ஏற ஏற வேகமும் ஏறுது. அவ்ளோதான் ரகசியம்."

கேட்டார்.

மேலே ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகச் சொட்டின. அடியில், எங்கோ தூரத்தில், அந்தத் தாளம்.

ஒரு கனத்த அடி. பிறகு ஓர் இழுப்பு. கனத்த அடி. இழுப்பு.

அவர் கை தானாகப் போய் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டது. பத்து வருடம் முன்பு அந்தக் காலில் ஒரு போல்ட் மூட்டை விழுந்தது. அன்றிலிருந்து அதை இழுத்துத்தான் அடுத்த படிக்கு ஏற்றுவார்.

மரப்படி. அவர் வீட்டு மரப்படி.

அடி நெருங்க நெருங்க ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஓடின. ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் விழுங்கவில்லை. கதவு திறப்பதற்குள் அத்தனையையும் வாசித்துவிடப் பார்த்திருக்கிறாள்.

"என்ன சார், பிடிபட்டுதா?"

அவர் மறுபடி முதலிலிருந்து போட்டு, இந்த முறை விரல் மடக்கி எண்ணினார்.

வீட்டில் படி பதினேழு. பதினான்குவரை வாசித்திருக்கிறாள். அதற்குமேல் கிட்டார் இல்லை, செருப்புச் சத்தம் மட்டும்.

பாக்கி மூன்று.