தோளுக்குத் தடை

"இங்க யாரையும் தோள்ல போட்டுத் தூங்க வைக்க மாட்டோம், சார். நீங்க சேர்க்க இன்னும் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள கட்டில்ல தானா தூங்க வீட்லயே பழக்கிடுங்க."

குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் இதைச் சொன்னபோது முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பில்லை. இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. எட்டு மாத மகன் அப்போதும் அவன் தோளில்தான் இருந்தான், சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டு. வீட்டில் அவனுக்கு வாண்டு என்று பெயர். பிறந்ததிலிருந்து வாண்டுவுக்கு மெத்தை, தலையணை எல்லாமே அப்பாவின் இடது தோள்தான்.

"பிள்ளை பெத்திருந்தா தெரியும். சரியான கல்நெஞ்சக்காரி," என்று தெருவுக்கு வந்ததும் பொருமினான்.

மனைவி அவனைச் சமாதானப்படுத்தினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பவர் பார்த்துச் சொல்லும் வேலை அவளுக்கு. விடுப்பு முடிய அதே பத்து நாள்தான். இனி வேறு காப்பகம் தேடி அலைய முடியாது. அந்தப் பொண்ணு சொன்னதில் என்ன தப்பு, என்றைக்காவது பழகித்தானே ஆகணும் என்றாள்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார்கள்.

கம்பி போட்ட குட்டிக் கட்டிலில் வாண்டுவை விழித்திருக்கும்போதே படுக்க வைப்பது, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தட்டிக் கொடுப்பது, அழுதால் பேச்சுக் கொடுப்பது, ஆனால் தூக்கக் கூடாது. இதுதான் மனைவி போட்ட திட்டம். நாளுக்கு ஒரு சாண் ஸ்டூலைத் தள்ளிப் போட வேண்டும்.

முதல் நாள் வாண்டு முக்கால் மணி நேரம் கத்தினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்து அழுதான். மெக்கானிக் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். "எங்களுக்குத்தான் சரியில்லை," என்றான்.

மூன்றாம் நாள் மனைவி குளிக்கப் போன சமயம் பார்த்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். இரண்டே நிமிஷத்தில் வாண்டு தூங்கிப் போனான். பூனைபோல நடந்து கட்டிலில் கிடத்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தான்.

மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்து பார்த்தாள். சட்டைத் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு எச்சில் ஈரம்.

அவள் திட்டவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டும் தூக்கணும்னு இல்லையா? நான் விடறதும் நீங்க தூக்கறதுமா இருந்தா, எது நிஜம்னு அவனுக்கு எப்படிங்க புரியும்? அவன்தான் பாவம், அழுதுக்கிட்டே இருப்பான்."

அதற்குப் பிறகு அவன் தூக்கவில்லை. கை துறுதுறுத்தபோதெல்லாம் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். லிஃப்ட் எப்படி மேலே போகிறது, எப்படிக் கீழே வருகிறது என்று சன்னக் குரலில் வாண்டுவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

எட்டாம் நாள் ஸ்டூல் கதவருகே போயிருந்தது. வாண்டு கொஞ்ச நேரம் சிணுங்கினான். தன் கால் கட்டைவிரலைப் பிடித்து அதனிடம் ஏதோ நியாயம் கேட்டான். அப்புறம் குப்புறப் புரண்டு, போர்வை நுனியை வாயில் வைத்துக்கொண்டு தூங்கியே விட்டான்.

இருவரும் மூச்சுவிடாமல் நின்று பார்த்தார்கள். மெக்கானிக்குக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று ராத்திரி முழுக்கத் தோளில் எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்தது.

காப்பகத்தில் முதல் நாள்.

மெக்கானிக்குக்கு வேலையில் மனசு ஒட்டவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் வந்ததும் டப்பாவைத் திறக்காமலே கிளம்பிவிட்டான். காப்பகக் கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.

வரிசையாகக் குட்டிக் கட்டில்கள். எல்லாக் குழந்தைகளும் தூக்கத்தில். ஜன்னலோரம் வாண்டுவும், பின்பக்கத்தை உயர்த்திக்கொண்டு ஆழ்ந்த உறக்கத்தில்.

நிம்மதியாகத் திரும்பப் போனவன் அப்படியே நின்றான்.

அறையின் அந்தக் கோடியில் அதே பெண், ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தாள். முதுகைத் தட்டிக் கொடுத்தபடி என்னவோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டும் இருந்தாள்.

மெக்கானிக்குக்கு முகம் சிவந்துவிட்டது. கண்ணாடியில் விரலால் தட்டினான். அவள் அந்தக் குழந்தையோடேயே வெளியே வந்தாள்.

"எங்களுக்கு ஒரு சட்டம், இந்தக் குழந்தைக்கு ஒரு சட்டமா?" குழந்தை விழித்துக்கொள்ளாதபடி அடக்கிய குரலில்தான் கேட்டான். "என் பையனை ஒரு வாரம் அழ விட்டிருக்கோம். இவங்க பெரிய இடமோ?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சரிந்த குழந்தையின் தலையைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள்.

"இவங்கம்மா தவறிப்போய் ரெண்டு மாசம் ஆகுது, சார். அப்பா லாரி ஓட்டறார். விடியறதுக்குள்ள போய்டுவார், வாரத்துல பாதி நாள் ராத்திரியும் வர மாட்டார். அப்பல்லாம் இவன் பக்கத்து வீட்லதான். அங்க அவங்களுக்கே மூணு குழந்தைங்க."

மெக்கானிக் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தான்.

"உங்க பையன் சாயங்காலம் வீட்டுக்குப் போனா தூக்க ரெண்டு பேர் இருக்கீங்க. இவனுக்கு யாரு இருக்கா? எனக்கும் இருக்கறது ரெண்டு கைதான்."

கதவுக் கண்ணாடி வழியே வாண்டு படுத்திருந்த கட்டிலைப் பார்த்தாள். முதல் முறையாகச் சிரித்தாள்.

"அவன் இன்னிக்கு அஞ்சே நிமிஷத்துல தூங்கிட்டான், சார். அதனாலதான் இவனுக்கு ஒரு மணி நேரம் தோள் கிடைச்சுது."